கொம்பில்லாத கொம்பு விரியன்

மார்ச் 3
இனி எழுதப்போவது, வரிசையாக:
1. அருங்காட்சியகம் என்னைக் கூப்பிட்ட காரணம்.
2. அங்குள்ள பழைய செப்புத்தகட்டு ஓவியத்தில் பாலைவனக் கொம்பு விரியனுக்குக் கொம்பே இல்லாதது.
3. வரைந்தவன் ஒரு சோம்பேறி என்பது.
4. இதைக் கூட்டத்தில் எழுந்து சொல்ல எனக்குத் தைரியம் உண்டா என்பது.

நாலாவதற்கு மனைவியே பதில் சொல்லிவிட்டாள். "அழுகின தக்காளியைத் திருப்பிக் கொடுக்கவே உங்களுக்கு வாய் வராது. பாம்பைப் பத்திப் பேசப்போறீங்களாக்கும்."

மார்ச் 4
ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியர்களில் வேறு வேலையே இல்லாதவன் நான்தான் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். கண்காட்சிப் படங்களில் பிழை பார்க்க வேண்டுமாம்.

விரியன் படத்தை வாசலில் மாட்டத் தேர்ந்தெடுத்தவர் ஓவியப் பிரிவின் பொறுப்பாளர். "ஒவ்வொரு செதிலா பாத்துப் பாத்துப் போட்டிருக்கார் சார்" என்றார் அந்த அம்மாள். செதிலைப் பார்த்தவனுக்குக் கொம்பு கண்ணில் படவில்லையாம்.

மார்ச் 6
பேசிவிட்டேன். மேசையைப் பிடித்துக்கொண்டுதான். "பிழையான படம். பள்ளிப் பிள்ளைகளே சிரிப்பார்கள்."

அருங்காட்சியக இயக்குநர் விழித்துக்கொண்டார். "அப்ப எடுத்துடுங்க. அந்த இடத்துல என் வரவேற்புரையைப் பெரிசா மாட்டிடலாம்." கலைக்கு நான் செய்த தொண்டு.

பொறுப்பாளர் வெளியே வந்துதான் பேசினார். "அவர் பாத்து வரைஞ்ச பாம்பே கிடங்குல இருக்கு சார், ஜாடியில. அதைப் பாத்துட்டுச் சொல்லியிருக்கலாம்."

பார்த்துவிட்டுச் சொல் — வகுப்பில் நான் ஓயாமல் சொன்னது.

மார்ச் 7
பார்த்தேன். ஜாடிப் பாம்புக்கு இரண்டு கொம்பும் ஜம்மென்று இருக்கின்றன. நான் சொன்னது சரி. மீசை இருந்திருந்தால் முறுக்கியிருப்பேன்.

மார்ச் 8
விரியன் கொம்பில் ஏன் வெள்ளையும் பழுப்புமாகப் பட்டைகள்?

மார்ச் 10
ஜாடியைத் திறக்கச் சொன்னேன். இடுக்கியால் தொட்டதுதான் தாமதம், ஒரு கொம்பு கொண்டை ஊசி மாதிரிக் கழன்று வந்தது. முள்ளெலியின் முள். கொம்பிருந்தால் விலை கூடும் என்று விற்றவன் செருகியிருக்கிறான். இந்த இனத்தில் கொம்பில்லாமலும் பிறக்கும். நானே பாடம் நடத்தியிருக்கிறேன், என்ன பிரயோசனம்?

"ஓவியருக்கு இது தெரிஞ்சிருக்குமா சார்?" என்றார் பக்கத்தில் நின்ற பொறுப்பாளர்.

"தெரிஞ்சிருக்கும்மா. பாம்பை வாங்கினவர்கிட்ட சொல்லப் பயந்திருப்பார். வாயைத் திறக்காம, கொம்பை மட்டும் வரையாம விட்டுட்டார்."

அவ்வளவு உறுதியாக எனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. நல்ல பெண்மணி.

மார்ச் 11
இயக்குநரிடம் போனேன். "வரவேற்புரை அச்சாயிடுச்சே" என்றார். அதற்கும் இரண்டு கொம்பு செருகிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. "நான் சொன்னது தப்பு சார். படத்தைத்தான் மாட்டணும்" என்றேன். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. அவர் தலையாட்டும்வரை நின்றேன்.

மார்ச் 15
படம் வாசலில். கீழே ஜாடி, ஒற்றைக் கொம்போடு. வரவேற்புரை கழிப்பறைக்குப் போகும் வழியில். அதைத் தாண்டாமல் யாரும் போக முடியாது.

மனைவி படத்தை வெகுநேரம் பார்த்தாள். திரும்பும்போது காய்கறிக் கடை வாசலில் பையை என் கையில் கொடுத்து, "நீங்களே பேசுங்க" என்றாள்.

என் வரிசையில் மூன்றாவது தவறு. அவர் சோம்பேறி இல்லை.