இல்லை என்றும் சொல்லாதவன்

மாப்ள,

இன்று காலை நம் ஆபீஸ் மதில் சுவரில் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் வாளிக்குள் கையை விட்டு மைதாப் பசையை அள்ளி அப்ப, இன்னொருவன் தாளை விரித்து நீவினான். மாடு தின்றுவிடாமல் இருக்க மயில்துத்தம் கலந்த பசை. அந்த வாடை மூக்கில் ஏறியதும் சைக்கிளை நிறுத்திவிட்டேன். நம் பதிவறையின் வாடை அது, உன் சட்டையின் வாடை. நிமிர்ந்து பார்த்தால் சுவரில் நீ நிற்கிறாய்.

உன் முதல் வருஷ நினைவு நாளுக்குப் பங்காளிகள் போட்ட கண்ணீர் அஞ்சலி போஸ்டர். உன் பெயர் என் கை அகலத்துக்கு இருக்கிறது. அதற்குக் கீழே அப்பா பெயர், தெருப் பெயர், தொழுநோய் ஆய்வுப் பிரிவில் வேலை பார்த்தவர் என்பது வரை ஒன்று பாக்கி இல்லை. காலமெல்லாம் அடுத்தவர் பெயர்மேல் காகிதம் ஒட்டி மறைத்தவனுக்கு ஊர் செய்த மரியாதை இது. எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் எரிச்சல் வந்தது. போஸ்டர் மேல் இல்லை, உன்மேல்தான். உன்னை நினைத்தால் எனக்கு முதலில் வருவது எப்போதும் எரிச்சல்தான், அழுகை அப்புறம்தான்.

அந்தப் பசை வேலையை நீ ஆரம்பித்தது பெரிய டாக்டர் புது ஆராய்ச்சி தொடங்கியபோது. தேமல் மறைந்து, மதமதப்புக் குறைந்த பிறகு மாத்திரையை எப்போது நிறுத்தலாம், நிறுத்தியவர்களில் யாருக்குத் திரும்ப வருகிறது என்று அவர் கண்டுபிடிக்க நினைத்தார். அது தெரிந்தால் எத்தனையோ பேர் ஆயுள் முழுக்க மாத்திரை விழுங்க வேண்டியதில்லை. அதற்குப் பழைய நோயாளிகளின் அட்டைகள் வேண்டும். எல்லா அட்டையின் தலையிலும் பெயர் இருந்தது. நீ ஒவ்வொரு பெயரின் மேலும் பழுப்புக் காகிதத்தை ஒட்டி, அதன்மேல் ஒரு எண் எழுதினாய். எந்த எண் யாருடையது என்ற பதிவேடு மட்டும் தனி பீரோவில். அதற்கு இரண்டு பூட்டு, ஒரு சாவி உன்னிடம், ஒரு சாவி என்னிடம்.

ஊர் ஊராகப் போய் ஆட்களைத் தேடிப் பார்க்கிற வேலை எனக்கு. யாரைத் தேட வேண்டுமானாலும் முதலில் உன்னோடு நின்று பீரோவைத் திறக்க வேண்டும். என் மனைவியின் வளைகாப்பன்று, மாலை போட்டுக்கொண்டு நின்றவனைத் தேடி வாடிப்பட்டிக்கே வந்தாய். டாக்டருக்கு ஒரு விலாசம் உடனே வேண்டுமாம். சாவியை எடுத்து நீட்டினேன். நீ கையைப் பின்னால் கட்டிக்கொண்டாய்.

"ஒருத்தன்ட்டயே ரெண்டு சாவியும் இருந்தா ரெண்டு பூட்டு எதுக்கு மாப்ள?"

சந்தனம் பூசிய கன்னத்தோடு உன்னுடன் பஸ் ஏறினேன். அதை என் மாமியார் இன்றும் சொல்லிக் காட்டுகிறார். ஜீப் கதையும் அப்படித்தான். நம் ஜீப் எந்த வீட்டு வாசலில் நிற்கிறதோ அந்த வீட்டுக்குப் பெருவியாதி என்று ஊர் முடிவு கட்டிவிடும் என்று சொல்லி, ஊருக்கு வெளியே ஏதாவது பம்புசெட் பக்கத்தில் ஜீப்பை நிறுத்த வைத்தாய். சித்திரை வெயிலில் அலங்காநல்லூர்ப் பக்கத்து வரப்புகளில் நடந்தவன் நான். நீ பதிவறையில் காற்றாடிக்குக் கீழே பசை கிண்டிக்கொண்டிருந்தாய்.

அம்புட்டும் செய்தும் என்ன ஆயிற்று? மேலூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில் நம் குட்டு உடைந்தது. ஊர்ப் பெயரை எழுதவில்லை, கவனித்தாயா?

நம் பக்கத்து ஊர்களில் பெயரைச் சொல்லி யாரையும் கண்டுபிடிக்க முடியாது. குலசாமி பெயரையே எல்லாப் பிள்ளைக்கும் வைத்துவிடுவார்கள். தெருவில் நின்று பாண்டி என்று கூப்பிட்டால் பாதித் தெரு திரும்பிப் பார்க்கும். பட்டப்பெயரைச் சொன்னால்தான் வீட்டைக் காட்டுவார்கள். அதனால் விலாசத்தில் ஊர்ப் பெயருக்கு முன்னால் பட்டப்பெயரையும் எழுதிவைப்போம். அதில் தப்பில்லை, இன்றைக்கும் அப்படித்தான் எழுதுவேன். அந்த ஊரில் ஒரு குடும்பத்துக்கு வெங்கலக்கடை என்று பட்டப்பெயர் என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் அது இல்லை, பதறாதே. அவர்கள் தாத்தா மதுரையில் வெங்கலக்கடைத் தெருவில் வேலை பார்த்தாராம். நீ மாசி வீதிக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவன். அட்டையில் அதைப் பார்த்ததும் நம் ஊர்த் தெருப் பெயர்தானே, அதில் யாரைக் கண்டுபிடிக்கப்போகிறார்கள் என்று மறைக்காமல் விட்டுவிட்டாய்.

டாக்டருக்கு உதவியாக அட்டைகளைப் பிரித்துக் கணக்கெடுத்த மாணவர்களில் ஒருவன் அந்தப் பக்கத்துக்காரன். கெட்ட பையன் இல்லை. ஊருக்குப் போன இடத்தில் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டான், வெங்கலக்கடை வீட்டு அட்டை ஒன்று அங்கே கிடக்கிறது என்று. அந்த வீட்டில் ஒரு பெண்ணுக்குப் பரிசம் போட நாள் குறித்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் நிறுத்திவிட்டார்கள்.

பெண்ணின் அப்பா மேலூரிலிருந்து பஸ் ஏறி வந்து நம் வராந்தாவில் உட்கார்ந்திருந்தது என் கண்ணுக்குள் அப்படியே இருக்கிறது. துண்டை மடியில் போட்டுக்கொண்டு, தண்ணீர் கொடுத்ததைக்கூடக் குடிக்காமல் இருந்தார். உன்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"எங்க வீட்டுல யாருக்கும் இல்லேன்னு ஒரு வார்த்த சொல்லுங்கய்யா. அம்புட்டுதான் கேக்குறேன்."

நீயும் நானும் உள்ளே போய் இரண்டு சாவியும் போட்டுப் பார்த்தோம். அவர் வீட்டில் யாருக்கும் இல்லை. எனக்கு உயிர் வந்தது. வெளியே ஓடிப் போய்ச் சொல்லத் திரும்பினேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

அந்தப் பட்டப்பெயரில் ஊரில் இரண்டு வீடு. அண்ணன் தம்பி வகையறா, ஒரே தெருவில் எதிரெதிர் வாசல். அட்டை எதிர்வீட்டு மருமகளுடையது. கைக்குழந்தைக்காரி. பிள்ளைக்கு மருந்து வாங்குவதாகச் சொல்லிவிட்டு வந்து தனக்கு மாத்திரை வாங்கிப் போகிறவள். மாமியார் வீட்டில் தெரிந்தால் அன்றைக்கே பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு வெளியே தள்ளிவிடுவார்கள்.

"இருக்கதே ரெண்டு வீடு. இது இல்லேன்னா அது. அத நாம வாயத் தொறந்து வேற சொல்லணுமா?" என்றாய்.

அவரிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லலாம் என்றேன், சத்தியம் வாங்கிக்கொள்ளலாம் என்றேன். மகள் கல்யாணம் நின்றுபோன மனுசனிடம் என்ன சத்தியத்தை வாங்குவாய் என்று கேட்டாய். கோபத்தில் மேஜையில் ஓங்கித் தட்டினேன், பசைக் கிண்ணம் கவிழ்ந்தது. நீ அதைத் துடைத்துக்கொண்டே ஒன்று சொன்னாய். "ஒருத்தருக்கு இல்லேன்னு சொல்லிப் பழகிட்டா, நாளைக்கு நாம சும்மா இருந்தாலே ஆமான்னு ஆயிரும் மாப்ள."

அப்புறம் வராந்தாவுக்குப் போய், இங்கே யார் பெயர் இருக்கிறது என்றும் சொல்வதில்லை, யார் பெயர் இல்லை என்றும் சொல்வதில்லை என்று அவரிடம் சொன்னாய். வேறு எந்த டாக்டரிடமாவது வீட்டோடு காட்டி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அது உங்கள் இஷ்டம் என்றும் சொன்னாய். அவர் அப்படியே எழுதி வாங்கினார். காசு கொடுத்தால் எழுதித் தர மாட்டார்களா என்று மாப்பிள்ளை வீட்டார் வேறு இடம் பார்த்துவிட்டார்கள். அவர் திரும்ப வந்து ஆபீஸ் கேட் பக்கத்தில் நின்று உன்னை மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனார். நீ சன்னலைச் சாத்தவில்லை, முழுவதையும் கேட்டாய்.

அந்த வாரமே எல்லா அட்டையிலும் விலாசத்தின் மேலும் காகிதம் ஒட்ட ஆரம்பித்தாய். டாக்டர் தன் ஆராய்ச்சியை ஒரு மாதம் நிறுத்தி வைத்தார், பாவம். ஒட்டி ஒட்டி மயில்துத்தத்தில் உன் நகக்கண் எல்லாம் வெந்துபோயிருந்தது. "பேர மறச்சேன், ஆள மறைக்கல" என்று உனக்கு நீயே சொல்லிக்கொண்டிருந்தாய். எனக்கு அப்போதும் மனசு ஆறவில்லை. எதிர்வீட்டு மருமகள் குணமானாள், அவளுக்கு யாரைக் கும்பிடுவது என்று தெரியாது. அந்தப் பெண் கல்யாணம் நின்றது, அவளுக்கு யாரைத் திட்டுவது என்று தெரியாது. இது என்ன நியாயம் என்று எத்தனையோ தடவை டீக்கடையில் உன்னிடம் கேட்டிருக்கிறேன். நியாயம் என்று நீயும் சொன்னதில்லை. டீயை ஆற்றிக்கொண்டே இருப்பாய்.

சரி, அதெல்லாம் பழைய கதை. நீ செத்த பிறகும் என்னை விடவில்லையே, அதற்குத்தான் இந்த மடல்.

உன் மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் போன வாரம் ஆபீசுக்கு வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன், சித்தப்பா, கூட ஒரு நடுவயது அம்மாள், மாப்பிள்ளைக்கு அத்தை முறை. பெண்ணைப் பிடித்திருக்கிறது, ஆனால் உன் போட்டோவில் இடது கை விரல்கள் மடங்கியிருப்பதைப் பார்த்துவிட்டார்கள். அத்தனை வருஷம் இந்த ஆபீசில் இருந்தவர் வேறு. உனக்கு அந்த வியாதியா என்று தங்கச்சியிடமே கேட்டிருக்கிறார்கள். அவள் சொன்ன பதிலை அவர்கள் நம்பவில்லை. பெண்டாட்டி வேறென்ன சொல்லுவாள் என்று நினைத்திருப்பார்கள். ஆபீசில் இருக்கிறவர் சொன்னால் நம்புகிறோம் என்று என்னிடம் வந்து நின்றார்கள்.

உன் விரல்கள் ஏன் மடங்கின என்று எனக்குத் தெரியும். நீ எதில் செத்தாய் என்றும் தெரியும், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவனே நான்தான். ஒரு வார்த்தையில் முடிகிற பதில். அதை இந்த மடலில்கூட எழுதப்போவதில்லை, நீ ஏற்படுத்தி வைத்த பழக்கம் அப்படி. பிள்ளையோ நான் தூக்கி வளர்த்த பிள்ளை. என்னை மாமா என்று கூப்பிடுகிறவள். அவர்கள் மூன்று பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தபோது உன்னை என்னவெல்லாம் திட்டினேன் தெரியுமா?

"இங்க யாரு பேரு இருக்குன்னும் சொல்றதில்ல, யாரு பேரு இல்லேன்னும் சொல்றதில்ல" என்றேன். உன் குரலில் சொன்ன மாதிரி இருந்தது, எனக்கே பிடிக்கவில்லை.

தாய்மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். சித்தப்பாவும் பின்னாலேயே போனார். போச்சு, மேலூர்க்காரர் மகளுக்கு ஆனது உன் மகளுக்கும் ஆயிற்று என்று நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மாள் மட்டும் எழுந்திருக்கவில்லை. ஆட்கள் படியிறங்கும் வரை பொறுத்திருந்து கேட்டாள்.

"யாரு வந்து யாரப் பத்திக் கேட்டாலும் இதத்தான் சொல்லுவீகளா?"

"ஆமா தாயி."

"சொந்த மாமன் மச்சான் வந்து கேட்டாலுமா?"

"யாரு கேட்டாலும்."

முந்தானையை இழுத்து முழங்கை வரை மூடிக்கொண்டாள். "வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

முந்தாநாள் தங்கச்சி ஆள் அனுப்பினாள். மாப்பிள்ளை வீட்டில் பூ வைக்க நாள் கேட்கிறார்களாம். ஆம்பிளைகள் வேண்டாம் என்றபோதும், அத்தைக்காரிதான் ஒற்றைக் காலில் நின்று இந்த இடத்தையே முடிக்க வைத்தாளாம். எதற்காக அவளுக்கு இம்புட்டுப் பிடிவாதம் என்று தங்கச்சிக்குப் புரியவில்லை. என்னிடம் கேட்டாள். எனக்கென்ன தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

நீ போன பிறகு உன் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை, மாப்ள. எழுதிக் கேட்டு அலுத்துவிட்டேன். உன் சாவியும் இப்போது என் அரைஞாண் கயிற்றில்தான் தொங்குகிறது. அந்த அம்மாள் பெயர் தெரியும், ஊர் தெரியும். பதிவேடு இருக்கிற பீரோ என் நாற்காலிக்குப் பின்னால்தான் இருக்கிறது, கையைப் பிடிக்க நீயும் இல்லை. நான் இன்னும் திறந்து பார்க்கவில்லை.