கட்டிலுக்கு அடியில் வாலு இல்லை

என் பெரிய பிள்ளைக்கு,

இங்கே நானும் உன் தங்கை வாலுவும் நலமாக இருக்கிறோம். கை தானாக எழுதிவிடும் வரிதான், இன்று ஒவ்வொரு சொல்லாக நினைத்து எழுதுகிறேன். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். நடந்ததைப் போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் தொடங்கினாலே அழுதுவிடுவேன், நீ பயந்துபோவாய்.

போன விடுமுறையில் வாலுவைத் தரையில் தவழவிட்டு, வீட்டில் புகை வந்தால் எப்படி வெளியே போவது என்று விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்தாயே, ஐந்து வயதுப் பிள்ளையை எதுக்குடா பயமுறுத்துற என்று நான் சிடுசிடுத்தேன். நீயும் வந்து தவழும்மா, ஒரே ஒரு தடவை என்று கெஞ்சினாய். திருத்திக்கொண்டிருந்த புத்தகப் புரூஃப் பக்கங்களிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, எனக்குத் தவழ்ற வயசெல்லாம் எப்பவோ போயிடுச்சு என்றேன். நீ சிரித்தாய், ஆனால் உன் முகம் சுண்டிப்போனது எனக்குத் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை காலை அடுப்பில் எண்ணெயை வைத்துவிட்டு, ஒரு பத்தியை மட்டும் பார்த்துவிடலாம் என்று முன்னறையில் உட்கார்ந்தேன். ஒரு பத்தி நாலு பக்கமாகிவிட்டது. நெடி ஏறிய பிறகுதான் ஓடினேன். அடுப்பை அணைத்து, எரிந்துகொண்டிருந்த சட்டியைத் தட்டால் மூடினேன், தீ அடங்கிவிட்டது, ஆனால் வீடு முழுக்கக் கரும்புகை. படுக்கையறையில் படம் வரைந்துகொண்டிருந்தவளைக் காணோம். இடி இடித்தாலே கட்டிலுக்கு அடியில் பதுங்குகிறவளாயிற்றே என்று குனிந்து துழாவினேன், இல்லை. அலமாரிக்குள் பார்த்தேன், கதவுக்குப் பின்னால் பார்த்தேன், திரும்பவும் கட்டிலுக்கு அடியில். கூப்பிட வாயைத் திறந்தால் இருமல்தான் வந்தது. அவள் இல்லாமல் வெளியே போகக் கால் வரவில்லை, அங்கேயே சுவரோடு உட்கார்ந்துவிட்டேன்.

அவளோ நான் சமையலறைக்கு ஓடிய உடனேயே தவழ்ந்து வெளியேறி, நீ காட்டிய இடத்தில், கீழ்த்தளத் தையற்கடை வாசலில் போய் நின்றிருக்கிறாள். என்ன வாலு, செருப்புகூட இல்லாம எங்க கிளம்பிட்டே என்றாராம் தையற்காரர். வீட்ல புகை, அம்மா இன்னும் வரல, நான் திரும்பி உள்ள போகக்கூடாது, நீங்க போங்க என்றாளாம். கழுத்தில் அளவுநாடா தொங்க அவர் மாடியேறி வந்து, புள்ள கீழே பத்திரமா நிக்குது, நீ யாரைத் தேடிட்டு இருக்கே, எழுந்திரும்மா என்று அதட்டி என்னை இழுத்துக்கொண்டு இறங்கினார். இருமலும் இப்போது விட்டுவிட்டது, கவலைப்படாதே.

கண்ணா, எங்கே போய் நிற்க வேண்டும் என்று இந்த வீட்டில் தெரியாமலிருந்தவள் நான் ஒருத்திதான். ஊரிலுள்ள புத்தகமெல்லாம் படிக்கிறேன், பெற்ற பிள்ளை சொன்னதைக் காதில் வாங்கவில்லை. அவளையும் என்னையும் நீ காப்பாற்றிக் கொடுத்திருக்கிறாய். இதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல் மூன்று தாள்களைக் கிழித்துப்போட்டேன். நான் வந்துட்டேன்ல, நீ ஏம்மா வரல என்று வாலு இன்னும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருக்கிறாள். உன்னைத் தேடினேன் என்றால், நான்தான் அங்க இல்லையே என்கிறாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், இந்தக் கடிதத்தில் உன்னிடமும் கேட்கிறேன்.

நீ நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும் கண்ணா. ஒன்று மறக்காதே. விடுதியில் ஆறாவது மாடியில் இருக்கிறாய், அந்த அறையிலிருந்து இறங்க எத்தனை வழி, படிக்கட்டு எந்தப் பக்கம், கீழே எங்கே போய் நிற்பாய், எல்லாவற்றையும் விவரமாக எழுது. இந்தத் தடவை ஒரு சொல் விடாமல் படிப்பேன்.

பிள்ளை சொல் கேட்கத் தொடங்கியிருக்கும்,
அம்மா