பெரியவரின் ரத்தம்

மார்ச் 3

லிஃப்டுக்காரருக்கு,

பெட்டி கிடைத்தது. ஐஸ் பாதி கரைந்திருந்தாலும் ரத்தம் கெடவில்லை. நம் பெரியவருக்கு வந்திருப்பது நான் பயந்ததுதான்: மணல் ஈ கடித்துப் பரவும் ஒட்டுண்ணி நோய். ஆன்டிபாடி எண் ஆயிரத்து அறுநூறு. இந்த ஆய்வகத்துக்கு வந்ததிலிருந்து எந்த நாயிடமும் இவ்வளவு பார்த்ததில்லை. மருந்து விவரத்தை மருத்துவரம்மாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். மாதம் ஒரு முறை ரத்தம் அனுப்புங்கள்.

பேசிக்கொண்டபடியே இருக்கட்டும். போன் வேண்டாம், போனில் நமக்குச் சண்டைதான் வருகிறது. நாய் இருவருடையது. அதற்கு ஒரு முடிவு தெரியும்வரை கடிதம். பிறகு வக்கீல் கொடுத்த விவாகரத்துத் தாளில் கையெழுத்து.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
நான்

மார்ச் 12

ஆய்வுக்காரிக்கு,

ஆயிரத்து அறுநூறா! பெரியவருக்குப் படித்துக் காட்டினேன். ஒரு கண்ணை மட்டும் திறந்து, ‘இதுக்கா எழுப்பினே?’ என்று பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். எனக்குத்தான் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. நம்ம ஆளுக்கு இவ்வளவு எதிர்ப்புச் சக்தியா! லிஃப்டில் ஏறியவர்கள் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். ஆறாவது மாடி அம்மா வாழ்த்தே சொன்னார்.

இந்த மாத ரத்தம் எடுக்க, கிளினிக்குக்குத் தோளில் தூக்கிக்கொண்டு போனேன்.

“ஏங்க, நாய்க்கு நடக்கத் தெரியாதா?” என்றார் மருத்துவரம்மா.

“தெரியும். மனசில்லை.”

“வீட்டுல யாரைப் பாத்துக் கத்துக்கிச்சு?”

பெரியவரை மேசைமேல் இறக்கி வைத்தேன்.

எதிர்ச் சலவைக் கடை நாய்க்குட்டி நாள் முழுக்க இவர் வாலைப் பிடித்துத் தொங்குகிறது. இவர் கண்டுகொள்வதில்லை. உன் பழைய செருப்பு கதவோரம் அப்படியே கிடக்கிறது. அதில் தலை வைத்துத்தான் தூங்குகிறார். நான் எப்படி எடுப்பேன்?

அதே வீட்டிலிருந்து,
லிஃப்டுக்காரன்

மார்ச் 21

லிஃப்டுக்காரருக்கு,

உங்கள் சந்தோஷத்தில் மண் அள்ளிப் போடுகிறேன், மன்னியுங்கள். அந்த எண் நல்ல செய்தி இல்லை.

இந்த ஒட்டுண்ணி, தன்னைத் தின்ன வரும் வெள்ளை அணுவுக்குள்ளேயே குடியேறிவிடும். ஆன்டிபாடியால் அங்கே நுழைய முடியாது. உடம்புக்கு அது புரிவதில்லை. மேலும் மேலும் செய்து குவிக்கிறது. குவிந்தது சிறுநீரகத்தில் போய் அடைத்துக்கொள்கிறது. எதிரிக்கு ஒரு கீறல் இல்லை, இடிவது சொந்த வீடு. இதே ஈ கடித்தும் வாலாட்டிக்கொண்டு திரியும் நாய்கள் உண்டு. அவற்றின் எண் சிறியது. உள்ளே இருக்கும் அணுக்களே விழித்துக்கொண்டு சத்தமில்லாமல் ஒட்டுண்ணியை அடக்கி வைக்கின்றன.

இதை எழுதும்போது நம் சாப்பாட்டு மேசை ஞாபகம் வந்தது. எவ்வளவு பேசினேன் நான்! ஒரு சொல்லாவது உங்களுக்குள் போனதா?

உங்கள் கடிதம் ரத்தப் பெட்டி ஐஸில் கிடந்து, சில்லென்று வருகிறது. உடனே பிரிப்பதில்லை. கைக்குள் வைத்துக்கொண்டிருக்கிறேன். சூடேறக் கொஞ்ச நேரமாகிறது.

நான்

மே 9

ஆய்வுக்காரிக்கு,

எண் எண்ணூறுக்கு இறங்கியதாக எழுதியிருந்தாய். இந்த முறை அடக்கிக்கொண்டேன். ஆறாவது மாடி அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. பெரியவர் மாத்திரையைச் சோற்றிலிருந்து பொறுக்கித் துப்புவதில் தேறிவிட்டார். ஆனால் தண்ணீர் நிறையக் குடிக்கிறார்.

நீ கேட்டதற்குப் பதில்: போனது. எல்லாமே உள்ளே போனது. வெளியேதான் ஒன்றும் வரவில்லை. இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்ட் நின்றால் உள்ளே இருப்பவர் கத்துவார். “இருங்க, வந்துட்டேன்” என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் நான் கருவிப் பையையே திறப்பேன். முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் கொடுத்த அந்தக் குரலை உனக்குக் கொடுக்கவில்லை. எத்தனை நாள் கத்தியிருக்கிறாய்.

லிஃப்டுக்காரன்

ஜூன் 14

ஆய்வுக்காரிக்கு,

பெரியவர் நலம். சோறு, மாத்திரை எல்லாம் ஒழுங்கு. இத்துடன் ரத்தம். எண் எவ்வளவு என்று உடனே எழுது. அடுத்த மாதமும் அனுப்புகிறேன். அதற்கடுத்த மாதமும்.

லிஃப்டுக்காரன்

ஜூன் 25

என் லிஃப்டுக்காரருக்கு,

மூன்று முறை சோதித்தேன். எண்ணே இல்லை. துடைத்து வைத்ததுபோல் இருக்கிறது. இந்த நோய் கண்ட நாய் குணமானாலும் அதன் ரத்தம் இப்படி ஆகாது. போன மாதம் இருந்த எண்ணூறு ஒரே மாதத்தில் ஓடிப்போகாது. பட்டதை உடம்பு அவ்வளவு சீக்கிரம் மறப்பதில்லை.

சலவைக் கடைக்காரரிடம் சொல்லுங்கள், அவர் குட்டிக்கு ஒரு நோயும் இல்லை. ஊசி குத்திக் கொடுத்த மருத்துவரம்மாவும் இதில் கூட்டா?

எப்போது போனார்? என் செருப்பின் மேல்தான் படுத்திருந்தாரா? தண்ணீர் நிறையக் குடிக்கிறார் என்று நீங்கள் எழுதியதிலிருந்தே அவர் சிறுநீரகத்தை நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். இன்று சோதனைக் குழாய்கள் கழுவும் அறைக்குப் போய், தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

முதலில் உங்கள்மேல் கோபம் வந்தது. கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. இந்தச் சோதனை மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். மாதம் ஒரு முறை வேண்டும் என்று எழுதியது நான். பாவம், என்னால் அவருக்குக் கூடுதலாக ஊசிக்குத்து.

முடிவு தெரிந்துவிட்டது. வக்கீலின் தாள் இழுப்பறையில் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். திரும்ப அங்கேயே வைத்துவிட்டேன்.

நடந்ததை எல்லாம் எழுதுங்கள், ஒன்று விடாமல். ரத்தம் வேண்டாம். கடிதத்தை ஐஸில் வைக்காதீர்கள்.

உங்கள்
ஆய்வுக்காரி