ஜெபிஷுக்குப் பிடிக்காத 'ஆமா'

ஜூன் 3, திங்கள்
ஒத்திகை பாதியில் நின்றது. வயலின், வியோலா, என் செல்லோ, கூடவே வில்லுப்பாட்டுக் குடம் — பதினோரு நிமிடப் படைப்பு. எழுத எனக்கு இரண்டு வருடம் ஆனது. ராஜாக்கமங்கலத்தில் ஜெபிஷ் வீட்டுக்கு, தாணு அண்ணன் பூதப்பாண்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி, குடத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

ஜெபிஷ் வயலினில் தன் தனிப்பகுதியை இழுத்து முடித்தான். உடனே தாணு அண்ணன் "ஆமா" என்றார். வில்லுப்பாட்டில் பாட்டுக்காரர் ஒரு வரி சொன்னால் கூட இருப்பவர்கள் போடும் "ஆமா". முப்பது வருடப் பழக்கம், வாயில் வந்துவிட்டது. நானும் வியோலா ராகேலும் சிரித்தோம். ஜெபிஷ் வயலினைக் கீழே வைத்தான்.

"இது என்ன, கோயில் கொடைத் திருவிழாவா?"

அவரிடம் கேட்கவில்லை, என்னிடம் கேட்டான். மனிதர் எதிரேதான் உட்கார்ந்திருக்கிறார்.

ஜூன் 5
தாணு அண்ணனை "ஆமா" போடாமல் வாசிக்கச் சொன்னேன். நானேதான் சொன்னேன். வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 9, ஞாயிறு
வாயை மூடியதும் அவர் கை செத்துவிட்டது. அடி சரியான இடத்தில்தான் விழுகிறது, உயிர் இல்லை.

"'ஆமா' போட்டாத்தான் மூச்சு திரும்பும் மக்களே. மூச்சு திரும்புனாத்தான் அடி" என்றார் என்னிடம். "ஒனக்குச் சங்கடம்னா நான் வரல்ல."

ஜெபிஷ் அதற்குள் வழி கண்டுபிடித்துவிட்டான். "ஏட்டி பெர்லின், குடத்த ரெக்கார்ட் பண்ணி லேப்டாப்புல போட்ருவோம். கிளீனா இருக்கும்."

கிளீனாம். என்ன அழுக்கைக் கண்டான்? லண்டன்ல ரெண்டு வருசம் படிச்சா சொந்த ஊர் சத்தம் அழுக்காயிருமா? சபையில் போதகர் ஜெபம் முடித்ததும் இவன் "ஆமென்" போடுகிறானே, அது மட்டும் கிளீனா?

ஜெபிஷிடம் போனில் சொல்லிவிட்டேன்: லேப்டாப் மேடை ஏறினால் நான் ஏறமாட்டேன். தாணு அண்ணன் "ஆமா" போடுவார்.

ஜூன் 15, சனி
நாகர்கோவிலில் கச்சேரி. நூறு பேர் இருக்கும். மேடையில் லேப்டாப் இல்லை. முன்வரிசையில் ஜெபிஷின் அம்மா லீலாபாய்.

ஜெபிஷ் நன்றாகவே வாசித்தான், அதையும் எழுதத்தான் வேண்டும். முதல் இடத்தில் தாணு அண்ணன் "ஆமா" என்றார். இரண்டாவதில் அவருக்கு முந்தி லீலாபாய் மாமி சொல்லிவிட்டார். மூன்றாவதில் பாதி மண்டபம். அதன்பிறகு குடம் பேசியதே, அதைத்தான் இரண்டு வருடமாகக் காகிதத்தில் தேடிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 18, செவ்வாய்
ஜெபிஷ் மெசேஜ்: "சென்னையில் வாசிக்கக் கூப்பிடுறாங்க. என் நோட்டில் 'ஆமா' எங்கெங்கே வரும்னு குறிச்சு அனுப்பு."

ஒரு மன்னிப்பு கிடையாது.

"நோட்டில் அது கிடையாது. தாணு அண்ணன்கிட்ட கேளு" என்று நம்பரை அனுப்பினேன்.

சாயந்திரம் தாணு அண்ணன் கூப்பிட்டார். "மக்களே, அந்த வயலின் பிள்ள பேசினான். பூதப்பாண்டிக்கு எப்பிடி வரணும்னு கேக்கான். ரெண்டு பஸ் மாறணும்னு சொன்னேன்."