மஞ்சள் டேப் சுற்றிய கோல்

பாய்,

என் பேத்தி பெங்களூரில் வேலைக்குச் சேர்கிறாள். தற்காப்புக்கென்று ஒரு டார்ச் வாங்கியிருக்கிறாள். பொத்தானை அழுத்தினால் முனையில் நீலப்பொறி சடசடக்கிறது. நேற்று மதியம் அதை எனக்குக் காட்ட அழுத்தினாள். காற்று கருகும் அந்த வாடை கூடத்தில் பரவியது. தண்ணீர் குடிக்கப் போவதுபோல் எழுந்து உள்ளே போய்விட்டேன். இந்த வாடையை நான் முதலில் அறிந்தது தொப்பூரில், உங்கள் கடையில்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. லாரிகளுக்கு டைனமோவும் ஹாரனும் சரிபார்க்கும் உங்கள் கடைக்கு எதிரேதான் என் பஸ் நிற்கும். பள்ளியில் அறிவியல் நடத்துகிறவள் என்பதால் என்னிடம் சந்தேகங்கள் கேட்பீர்கள். என் பதிலைவிடப் பெரும்பாலும் உங்கள் சந்தேகமே சரியாக இருக்கும்.

அந்த வருடம் கணவாயில் மெதுவாக ஏறும் லாரிகளில் தொற்றி, தார்ப்பாயை அறுத்துச் சரக்கை இறக்குவது அதிகமாகியிருந்தது. ஏரியூர்க்கார டிரைவர் ஒருவர், அப்படி ஏறியவனை ஜாக்கி லிவரால் அடித்தார். அவன் செத்துப்போனான். டிரைவர் சேலம் ஜெயிலுக்குப் போனார். அவர் மனைவி இரண்டு பிள்ளைகளோடு உங்கள் கடைக்கு வந்து, வக்கீல் யாரையாவது தெரியுமா என்று கேட்டுவிட்டுப் போன அன்று நீங்கள் எந்த வண்டியையும் தொடவில்லை.

"அடிச்சா விழணும் டீச்சர், சாவக் கூடாது. எழுந்து அவனவன் வூட்டுக்குப் போவணும்" என்றீர்கள்.

பள்ளி நூலகத்தின் பழைய ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில், கொல்லாமல் வீழ்த்தும் மின்கருவிகளைப் பற்றி ஒரு கட்டுரை இருந்தது. எடுத்து வந்து உங்களுக்குத் தமிழில் சொன்னேன். மாடு ஓட்டுவதற்கென்று அமெரிக்காவில் மின்கோல் வந்தது. விமானக் கடத்தல்காரர்களைக் கொல்லாமல் வீழ்த்த வேண்டும் என்று ஒரு விஞ்ஞானி யோசித்து, கம்பியை எய்து ஷாக் கொடுக்கும் துப்பாக்கி செய்தார். இரண்டுக்கும் நடுவில் ஒரு பத்தி. உரிமை கேட்டு ஊர்வலம் போன கறுப்பின மக்கள் மேல் அந்த மாட்டுக் கோலைப் போலீஸ் வைத்தது என்று. அதையும் வாசித்தேன். நாம் இருவருமே அதில் நிற்கவில்லை. நீங்கள் கம்பித் துப்பாக்கி எப்படி வேலை செய்யும் என்று கேட்டீர்கள்.

சில வாரத்தில் நீங்களே ஒரு கோல் செய்துவிட்டீர்கள். பிளாஸ்டிக் பைப்புக்குள் பழைய இக்னிஷன் காயில், ஹாரனிலிருந்து கழற்றிய பாயின்ட், டார்ச் செல்கள், முனையில் இரண்டு பித்தளைக் குமிழ். பிடியில் மஞ்சள் டேப். முதலில் உங்கள் தொடையிலேயே வைத்துப் பார்த்தீர்கள். டயர் மேல் சாய்ந்து விழுந்து, கொஞ்ச நேரம் பேச்சு வராமல் கிடந்து, பிறகு சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

டிரைவர்களுக்கென்று நான்கு செய்தீர்கள். ஒன்று ஒரு சோதனையில் போலீஸ் கையில் சிக்கியது. ஒரு ஸ்டேஷனிலிருந்து எஸ்.ஐ. வந்து, பறிமுதல் செய்ததைப் பாராட்டிவிட்டு, இன்னும் மூன்று வேண்டும் என்றார்.

"முடியாதுன்னு எப்படிங்க சொல்றது? கடை ரோட்டுப் பொறம்போக்குல இருக்குது" என்று, மூன்றையும் செய்து கொடுத்த அன்று என்னிடம் சொன்னீர்கள். உங்களைத் தேற்ற நினைத்து, லத்தியென்றால் எலும்பு முறியும், இதில் உடம்பில் அடையாளம்கூட விழாது என்றேன். நல்ல விஷயமாகத்தான் அதைச் சொன்னேன், பாய்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு ஜவுளி லோடு திருடு போனது. எந்த லாரியில் என்ன போகிறது என்று தெரிந்தவன் என்பதால், புக்கிங் ஆபீஸில் வேலை பார்த்த என் தம்பியை அந்த ஸ்டேஷன்காரர்கள் கூட்டிப்போனார்கள். ஐந்து நாள் கழித்து அனுப்பினார்கள். திருடியவர்கள் வேறு ஊரில் பிடிபட்டிருந்தார்கள். தம்பியைப் பரிசோதித்த டாக்டர் காயம் ஏதுமில்லை என்று எழுதினார். நான் எழுதிப் போட்ட மனுக்கள் எல்லாம் அந்த ஒரு வரியில் முட்டி நின்றன.

எதை வைத்து வதைத்தார்கள் என்று தம்பியிடம் கேட்டேன். "பைப்பு மாதிரி ஒண்ணு, அக்கா. புடியில மஞ்ச டேப்பு" என்றான்.

மறுநாள் உங்களிடம் வந்து சொன்னேன். கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தீர்கள். எத்தனை நாள் என்று கேட்டீர்கள். ஐந்து என்றேன்.

"செல்லு ஒரு மணி நேரந்தான் தாங்கும் டீச்சர். அப்போ மாத்தி மாத்திப் போட்டிருக்காங்க."

அன்று மாலையே கோல்களைத் திருப்பிக் கேட்க ஸ்டேஷனுக்குப் போனீர்கள். அவர்கள் கோபப்படக்கூட இல்லை. பழுதான ஒன்றை எடுத்துக் கொடுத்து, சரிபண்ணிக் கொண்டுவா என்றார்களாம். நீங்கள் அதை அங்கேயே தரையில் அடித்து உடைத்தீர்கள். உங்களை மூன்று நாள் வைத்திருந்தார்கள். என்ன நடந்தது என்று நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வாரம் கடை இருந்த இடம் வெறும் தரையாக இருந்தது. குடும்பத்தோடு பாப்பாரப்பட்டிக்குப் போய் மோட்டார் காயில் கட்டத் தொடங்கினீர்கள்.

அங்கிருந்து ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். தம்பி அப்போது சுவிட்சைத் தொடமாட்டான். விளக்குப் போட அம்மா வரவேண்டும். நீங்கள் அவன் முன்னால் தரையில் உட்கார்ந்து, நான்தான் அதைச் செய்தேன் என்று சொன்னீர்கள்.

"நல்லா வேலை செய்யுதுங்க பாய்" என்றான். அவன் குரலில் கோபமே இல்லை. அம்மா கொண்டுவந்த டீயைக் குடிக்காமல் எழுந்து போனீர்கள். ரோடுவரை கூட வந்து உங்களை வழியனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

தம்பி பிறகு எந்த வேலைக்கும் போகவில்லை. நாற்பதைத் தாண்டவில்லை. இப்போது அந்தக் கோல்களை ஃபாக்டரியில் செய்து பெட்டியில் அடுக்கி அனுப்புகிறார்கள். நீங்கள் செய்யாமலிருந்திருந்தாலும் அவை வந்திருக்கும். இதை எத்தனையோ முறை எனக்கே சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒரு தடவையும் ஆறுதலாக இருந்ததில்லை.

நீங்கள் போன செய்தி எனக்கு வந்தபோது அடக்கம் முடிந்து ஒரு வாரமாகியிருந்தது. பாப்பாரப்பட்டிக்குப் போனேன். உங்கள் மனைவிக்குக் கோல் விஷயம் எதுவும் தெரியாது என்று அங்கே போனபிறகுதான் புரிந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரு யாருக்கும் ஒரு கெடுதியும் பண்ணலை, இல்லீங்களா டீச்சர்?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றேன்.

உங்களுக்காகச் சொன்னேனா, எனக்காகச் சொன்னேனா தெரியவில்லை. அந்த அம்மா அதைக் கேட்டு நிம்மதியாக அழுதார். நான் இன்னும் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறேன், பாய். அதைத் திரும்பப் பெறவும் முடியவில்லை, நம்பவும் முடியவில்லை.