மதில் நீள மெழுகுதிரி

1383, ஏப்ரல் 25. புனித மாற்கு திருநாள்

காலையில் மழை. தனேல் சாமி ரோமாபுரிப் போப்பாண்டவர் பெயரைச் சொல்லிப் பூசை வைத்தார். என்னிடம் ஆறு பெரிய திரி வாங்கினார். நண்பகலில் அதே பீடத்தில் கில்லிஸ் சாமி, பிரெஞ்சுக்காரர்கள் அவிஞோனில் வைத்திருக்கும் இன்னொரு போப்பாண்டவர் பெயரைச் சொல்லிப் பூசை வைத்தார். எத்தனை திரி வேண்டும் என்று கேட்டேன். "அவரு எத்தனை வாங்கினாரு?" ஆறு என்றேன். "அப்ப ஏழு குடு."

கில்லிஸ் சாமி போன குளிர்காலத்தில் பிரெஞ்சுப் படையோடு வந்தவர். படை போய்விட்டது, அவர் போகவில்லை. சாமியார் வீட்டின் நடுவே சுண்ணாம்புக் கோடு போட்டு ஆளுக்குப் பாதியாக இருக்கிறார்கள். அடுப்பு ரோமாபுரிப் பக்கம், கிணறு அவிஞோன் பக்கம். இந்தப் போப்பாண்டவர் அந்தப் போப்பாண்டவரின் ஆட்களைச் சபைவிலக்கம் செய்ய, அவர் இவரின் ஆட்களைச் செய்ய, நம் ஹோல்பேக் ஊரில் யாரைப் பார்த்தாலும் ஏதோ ஒரு கணக்கில் நரகத்துக்குப் போகிறவராகத்தான் இருக்கிறார்.

எனக்கு வியாபாரம் குறையவில்லை. ஒரே போப்பாண்டவர் இருந்த காலத்தில் கோயில் தரையில் சொட்டிய மெழுகைச் சுரண்டி விற்றவள் நான்.

ஏப்ரல் 29

நெசவாளர் சந்தில் கொள்ளைநோய். சாவு வீட்டுத் திரிக்கு ஆள்மேல் ஆள் வருகிறார்கள். விற்றுக்கொண்டே மாதாவிடம் வேண்டிக்கொள்கிறேன். எந்தப் பக்கம் காது கொடுப்பாள் என்று தெரியவில்லை.

மே 2

நகர சபை கூப்பிட்டு அனுப்பியது. கொள்ளைநோய் நீங்க மாதாவுக்கு ஒரு நேர்ச்சை: ஊர் மதில் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்கு ஒரே மெழுகுதிரி. கயிறுபோல் சக்கரத்தில் சுற்றிக் கோயிலில் வைத்து எரிப்பது. மதிலுக்குள் இருக்கும் அத்தனையும் மாதாவின் மடியில். செய்ய வேண்டியது நான்.

சந்தோஷமாகத் தலையாட்டினேன். அடுத்த பேச்சில்தான் தலையாட்டல் நின்றது. ரோமாபுரிப் போப்பாண்டவருக்காக இங்கிலாந்துக்காரர்கள் சிலுவைப் போர் என்று கப்பலேறுகிறார்களாம். வந்து இறங்கினால், எதிரிக்கு ஒரு கூரைகூடக் கிடைக்காதபடி மதிலுக்கு வெளியே உள்ள வீடுகளை நாமே கொளுத்திவிட வேண்டும் என்றார் நகரத் தலைவர் லாம்மின்.

என் வீடு தெற்கு வாசலுக்கு வெளியே. மெழுகு உருக்குகிறவள் ஊருக்குள் இருந்தால் தீப்பிடிக்கும் என்று இதே சபைதான் அங்கே துரத்தியது. அந்த வீட்டில் ஒவ்வொரு செங்கல்லும் நான் வாங்கிப் போட்டது. அதையா கொளுத்துவான்?

யோசித்தேன். மாதாவுக்கு நேர்ந்துவிட்டதைக் கொளுத்தச் சபைக்குத் துணிச்சல் வராது. அளக்கும்போது என் வீட்டையும் சேர்த்து வளைத்து அளக்கச் சொன்னேன். மதிலுக்குள் இருப்பதுதான் ஊர் என்றார் லாம்மின். ஊரே என் வாசலுக்குத்தான் மெழுகு வாங்க வருகிறது, எனக்கு நோய் வந்தால் உங்கள் எல்லோருக்கும் வரும் என்றேன். அவர் அசையவில்லை. கடைசியில், "கூடுதலா ஆகிற மெழுகு என்னோடது. காசு வேணாம்" என்றேன்.

எழுத்தர் எழுதுவதை நிறுத்திவிட்டார். பக்கத்தில் இருந்தவர் பெஞ்சைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"மாபெலி," என்றார் லாம்மின், மூக்கைப் பொத்திக்கொண்டு. "உடம்புக்கு என்ன பண்ணுது? அக்குள்ல ஏதாச்சும் கட்டி இருக்கா?"

எனக்கு நோயில்லை என்று நம்ப வைக்கத்தான் நேரமாயிற்று. வளைத்து அளக்க ஒப்புக்கொண்டார்கள்.

மே 5

பௌதின் தோல் பதனிடுகிறவன். என் வீட்டுக்கும் தெற்கு வாசலுக்கும் நடுவே அவன் வீடு. என் வீட்டை வளைக்க வேண்டுமானால் அவன் வீட்டைச் சுற்றித்தான் போக வேண்டும். இது அவனுக்கு என்னைவிட முன்பே தெரிந்திருக்கிறது.

"அக்கா, என் கொல்லைல மாட்டுத்தோல் ஊறுது, அதையும் சேத்து வளைச்சிருங்க. மாதாவுக்கு நாத்தம் பழகிரும்" என்றான்.

என் மெழுகில் அவன் கூரை எரியாமல் இருக்கப் போகிறது. பதிலுக்கு ஒரு ஜோடி செருப்பாவது தைத்துக் கொடு என்றேன். நான் என் பாதத்தைக் காட்டியதும், "ஒரு ஜோடிக்கு ரெண்டு மாடு வேணுமேக்கா" என்கிறான். திமிர்.

மே 11

அளந்தாயிற்று. அளந்தார்கள் என்று சொல்வதா, சண்டை போட்டார்கள் என்று சொல்வதா?

திரிநூலைப் பிடித்துக்கொண்டு என் வாசலில் தொடங்கி, மதிலை ஒட்டி ஊரைச் சுற்றி, பௌதின் கொல்லை வழியாகத் திரும்ப என் வாசலுக்கு வர வேண்டும். முன்னால் யார் போவது? தனேல் சாமி முன்முனையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. கில்லிஸ் சாமி பின்முனையைப் பிடித்துக்கொண்டு, இதுதான் தலை, நீங்கள் பிடித்திருப்பது வால் என்றார். அவர் இழுக்க இவர் இழுக்க, நூல் வில்நாண்போல் விறைத்து நின்றது. வடக்கு வாசலில் தனேல் சாமி வழுக்கி விழுந்தார்; விழுந்தும் நூலை விடவில்லை. ஊர் முழுக்க இப்படியே இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள்.

நூல் அறுந்துவிடுமோ என்ற பயத்தில் வேறொன்றை நான் யோசிக்கவில்லை.

மே 20

குட்டை. திரி குட்டை!

இழுத்துப் பிடித்து அளந்த நூல் கொதிமெழுகில் முங்கியதும் சாவகாசமாகச் சுருங்கியிருக்கிறது. முழுத் திரியும் முடித்து, என் இருப்பு மெழுகெல்லாம் தீர்ந்து, இன்று லாம்மின் முன்னால் ஊரைச் சுற்றிப் போட்டுப் பார்த்தால் — கடைசியில் இடைவெளி. எவ்வளவு? சரியாக என் வீட்டையும் பௌதின் வீட்டையும் சுற்றுகிற அளவு.

நீங்கள் இழுத்ததால்தான் என்று சாமியார்கள் இருவரும் ஒருவரையொருவர் கை காட்டினார்கள். வேறு இடத்தில் தொடங்கி அளந்தால் குறை லாம்மின் வீட்டுப் பின்னால் போய் நிற்கும், அப்படி வைத்துக்கொள்ளலாமே என்று நான் மெதுவாகச் சொன்னேன். லாம்மின் என்னைப் பார்த்த பார்வை! "தொடங்கின எடம் உன் வாசல்தானே? குறையும் உன் வாசல்லதான்." அத்தோடு முடித்துவிட்டார். இந்த மாதம் முடிவதற்குள் திரி முழுசாகாவிட்டால் மதில் மட்டும்தான் கணக்கு.

பாவி. இவனுக்காகவா இத்தனை வருஷம் கோயில்ல நல்ல திரியா பொறுக்கிக் குடுத்தேன்? செங்கல் செங்கல்லா சேத்த வீடு. நான் எங்க போவேன்?

மே 27

இங்கிலாந்துக்காரர்கள் டன்கெர்க்கைப் பிடித்துவிட்டார்கள். புரூஜ் சாலை அடைபட்டது. மெழுகு வண்டி வராது. ஊரில் மிச்சமிருக்கும் மெழுகு இரண்டே இடத்தில்: இரண்டு சாமியார்களின் அலமாரியில், எரிந்து மிஞ்சிய கட்டைத் திரிகள்.

தனேல் சாமியிடம் போனேன். தருகிறேன், ஆனால் அவிஞோன் மெழுகோடு கலக்கக் கூடாது என்றார். "கலந்தா சுடர் அங்கயே அணைஞ்சு போகும். சத்தியம் பண்ணு." பண்ணினேன்.

கில்லிஸ் சாமியிடம் போனேன். அவரும் தந்தார். ரோமாபுரி மெழுகு பட்டால் சுடர் பாம்பு மாதிரி சீறும், ஊருக்கே தெரிந்துவிடும் என்றார். அவரிடமும் சத்தியம் பண்ணினேன்.

எடை போட்டுப் பார்த்தால் இரண்டில் எதுவும் தனியாகப் போதாது.

மே 29

கலந்துவிட்டேன்.

மே 30

அண்டாவில் உருகும்போது உற்று உற்றுப் பார்த்தேன். எது ரோமாபுரி, எது அவிஞோன்? எல்லாம் ஒரே பழுப்பு. இரண்டும் நான் விற்றதுதானே.

ஒரு சங்கடம்: புதுத் திரி மஞ்சள், சேர்த்த துண்டு மட்டும் புகையேறிய பழுப்பு. பார்த்தாலே தெரிகிறது. அதனால் முதலில் எரிகிற முனையில் வைக்கவில்லை. நடுவில் வெட்டி, பல சுற்று உள்ளே தள்ளிச் சேர்த்தேன். சுடர் அங்கே போய்ச் சேருவதற்குள் நான் செத்திருப்பேன், அல்லது அவர்கள் செத்திருப்பார்கள். கொள்ளைநோய்க் காலத்தில் இது தப்பான கணக்கில்லை.

ஜூன் 4

திரி ஊரை முழுசாகச் சுற்றியது. பவனி, மந்திரிப்பு, எல்லாம் இரண்டு தடவை. சக்கரத்தில் ஏற்றிக் கொளுத்தினார்கள். அங்கிருந்து நேராகப் பந்தங்களோடு தெற்கு வாசலுக்கு வெளியே போனார்கள். துணி வெளுப்பவர்கள் குடிசை, கொல்லன் பட்டறை எல்லாம் எரிந்தன. பந்தக்காரன் பௌதின் கொல்லை வரை வந்து லாம்மினைப் பார்த்தான். லாம்மின் மாதாவை நினைத்தாரோ என் வாயை நினைத்தாரோ, தலையசைத்து விட்டார்.

கொல்லன் பெண்சாதி எரிகிற கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூன் 12

இங்கிலாந்துக்காரர்கள் வந்தார்கள். எல்லோரும் மதிலுக்குள். நம்முடைய போப்பாண்டவரின் படைதானே என்று தனேல் சாமி ரோமாபுரிக் கொடியைத் தூக்கிக்கொண்டு மதில்மேல் ஏறினார். நாங்களும் உங்கள் ஆள்தான் என்று லத்தீனில் கூவினார். கொடியில் ஒரு அம்பு, தொப்பியில் ஒரு அம்பு. இறங்கி வந்தவரிடம் கில்லிஸ் சாமி கேட்டார்: "என்ன சொல்றாங்க சாமி, உங்க சொந்தக்காரங்க?"

அவர் சிரிப்பு அடங்கப் பொழுது சாய்ந்துவிட்டது.

மதிலுக்கு வெளியே கூரையோடு நிற்கும் வீடு இரண்டே இரண்டு. பெரியதான என் வீட்டில் படைத்தலைவன் குடியேறிவிட்டான். பௌதின் வீட்டில் குதிரைகள்கூட நிற்க மாட்டோம் என்கின்றனவாம்.

ஜூலை 3

மதில்மேலிருந்து பார்த்தேன். என் புகைக்கூண்டில் புகை. வறுக்கிற வாசனை. என் வாத்துகள்.

ஜூலை 19

கவண்கல் ஒன்று சாமியார் வீட்டில் விழுந்தது. சரியாகச் சுண்ணாம்புக் கோட்டின்மேல். இரண்டு பாதியும் இடிந்தன. இருவரும் அப்போது கோயிலில் சண்டை போட்டுக்கொண்டிருந்ததால் பிழைத்தார்கள்.

ஆகஸ்ட் 14

வயிற்றுப்போக்கு கண்டு இங்கிலாந்துக்காரர்கள் போய்விட்டார்கள். ஓடினேன். வீடு நிற்கிறது! கதவைக் காணோம், வாத்துகளைக் காணோம், மெழுகு அண்டாவில் பட்டாணிக் கஞ்சி காய்ந்து ஒட்டிக்கிடக்கிறது. மெழுகு வழித்த அண்டாவில் காய்ச்சிய கஞ்சி. அவர்கள் வயிறு கெட்டதற்கு ஊரார் மாதாவுக்கு நன்றி சொல்கிறார்கள். நான் அண்டாவைச் சுரண்டுகிறேன்.

சுற்றிலும் கரி. கொல்லன் பெண்சாதியை நானே போய்க் கூப்பிட்டேன். பிள்ளைகளோடு வந்தாள். அவளைப் பார்த்து வெளுப்பவர்கள் வந்தார்கள். கடைசியாகச் சாமியார்கள், ஆளுக்கொரு பெட்டியோடு. மாடிதான் மிச்சம் இருந்தது. நடுவில் கோடு போடச் சுண்ணாம்பு இருக்கிறதா என்று கில்லிஸ் சாமி கேட்டார். இல்லை என்றேன். இருந்தது.

செப்டம்பர் 16

எங்களைக் காப்பாற்றப் பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள். கில்லிஸ் சாமி எதிர்கொண்டழைக்கப் போனார். மிச்சமிருந்த மாடுகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கூடவே அவருடைய கழுதையையும். நடந்து திரும்பினார். தனேல் சாமி தன் கிண்ணத்துக் கஞ்சியில் பாதியை அவர் பக்கம் தள்ளினார். உங்கள் சொந்தக்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்று எனக்குத்தான் கேட்க வேண்டும்போல் இருந்தது.

டிசம்பர் 20

பனி. நெசவாளர் சந்தில் புதுச் சாவு இல்லை. பௌதின் செருப்பு கொண்டுவந்தான். அளவு சரி. நாற்றம் பழகிவிட்டது.

1384, பிப்ரவரி 2. மெழுகுதிரித் திருநாள்

கணக்கு தப்பிப்போயிற்று. நானும் சாகவில்லை, அவர்களும் சாகவில்லை. சுடர் பழுப்புத் துண்டுக்கு வந்துவிட்டது. அதுவும் இன்றைக்கா, கோயில் நிறைந்த நாளிலா!

கிட்டே வந்ததுமே நிறம் எல்லோர் கண்ணிலும் பட்டது. தனேல் சாமி அணைகிறதா என்று பார்க்க இடப்பக்கம் வந்து நின்றார். சீறுகிறதா என்று பார்க்கக் கில்லிஸ் சாமி வலப்பக்கம் வந்து நின்றார். நடுவில் நான், இரண்டு சத்தியங்களோடு.

சுடர் பழுப்பைத் தொட்டது. பழைய கட்டைத் திரிக்கே உரிய கொஞ்சம் புகை. பிறகு எப்போதும்போல் எரிந்தது.

தனேல் சாமி என் காதோரம் குனிந்தார். "பாத்தியா? எங்க மெழுகு. அதான் இப்படி நின்னு எரியுது." ஆமாம் சாமி என்றேன். கொஞ்சம் பொறுத்து வலப்பக்கத்துக் காதிலும் அதே பேச்சு வந்தது. அதற்கும் ஆமாம் சாமி என்றேன்.

சாயங்காலம் எல்லோருக்கும் கஞ்சி, அதே அண்டாவில். சாப்பிட்டு எழுந்ததும், மாடிக்கு ஏற ஒரு திரி கொடு என்றார் கில்லிஸ் சாமி. அவருக்கு எத்தனை என்று கேட்கப்போகிறாரோ என்று கையில் இரண்டாவதையும் எடுத்து வைத்திருந்தேன். கேட்கவில்லை. கதவு இன்னும் போடாததால் காற்று. ஒருவர் திரியைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் கையால் சுடரை மறைத்துக்கொண்டு, படி படியாக ஏறிப் போனார்கள்.

இரண்டாவது திரியைத் திரும்பப் பெட்டியில் போட்டேன். ஒன்று விற்காமல் போயிற்று.