காசோலைக்கு ஐந்து ஊர்

உருத்திரபுரம்,
கிளிநொச்சி.
ஆவணி, 2000

அன்பு மகன் ஜனகனுக்கு,

அம்மன் புண்ணியத்தில் நாங்கள் இங்கே சுகமாக இருக்கிறோம், அதுபோல நீயும் சுதர்சினியும் அவள் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் திருச்சி முகாமில் சுகமாக இருக்க வேண்டும். இரணைமடுவில் தண்ணீர் குறைவு, சிறுபோகத்துக்குப் பாதி வயல்தான் விதைத்தோம், அதையும் பன்றி உழுது வைத்திருக்கிறது. வயல் கதை கிடக்கட்டும். நீ பெயின்ற் அடித்த கூலிக்குக் கோயம்புத்தூர் மேஸ்திரி தந்த காசோலை, கணக்கில் காசில்லையென்று திரும்பி வந்ததும், வக்கீல் நோட்டீஸ் போன பிறகும் முடிந்தால் என் ஊருக்கு வந்து வழக்குப் போடு என்று அவன் சிரித்ததும், நீ முகாமில் சொல்லாமல் பஸ் ஏறப் போவதாக எழுதியிருப்பதும் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

போகாதே மகன். கோபம் மூக்கு நுனியில் நிற்பதில் நீ அப்படியே உன் அப்பாதான். ஆள் எண்ணும் நாளில் நீ அங்கே இல்லாவிட்டால் முகாம் அட்டையை வெட்டுவார்கள், வழியில் பிடித்தால் இலங்கைக்காரன் என்பது ஒன்றே போதும், பிறகு சுதர்சினி வயிற்றைச் சுமந்துகொண்டு உன்னைத் தேடி அலைய வேண்டும். அவன் இருக்கிற ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்று போன கடிதத்தில் நான்தான் எழுதினேன். இங்கே அரிசிக்கும் வெளியே போகிற பாஸுக்கும் முறைப்பாட்டுக்கும் அட்டை பதிந்த இடத்துக்கே ஓடி ஓடி, வழக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். பக்கத்து வளவு விமலேஸ்வரியின் அண்ணன் சென்னையில் வக்கீல், அவள் வவுனியாவுக்குப் போனபோது அவரிடம் ரெலிபோனில் கேட்கச் சொன்னேன். "அவன்ரை ஊருக்குப் போகத் தேவையில்லையாம் அக்கா, தம்பி இருக்கிற இடத்திலையே போடலாமாம்" என்று வந்து சொன்னாள். காசோலை எழுதின ஊர், நீ வங்கியில் போட்ட ஊர், அவனுடைய வங்கி திருப்பின ஊர், நோட்டீஸ் அனுப்பின ஊர், அவன் காசு தராமல் விட்ட ஊர், இந்த ஐந்தில் எந்த ஊர் நீதிமன்றமும் எடுக்குமாம், போன வருடம் டெல்லிப் பெரிய நீதிமன்றமே அப்படிச் சொல்லியிருக்கிறதாம். நீ வங்கியில் போட்டதும் திருச்சி, நோட்டீஸ் போனதும் திருச்சியிலிருந்து. ஆனால் நோட்டீஸ் அவன் கைக்குப் போய்ப் பதினைந்து நாளில் தராவிட்டால், அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் வழக்குப் போட்டுவிட வேண்டுமாம், பிந்தினால் காரியமில்லை. இந்தக் கடிதம் எத்தனை நாள் எங்கே கிடக்குமோ என்றுதான் எனக்குப் பயம்.

அப்பா ஏன் ஒரு வரியும் எழுதவில்லை என்று கேட்டிருந்தாய். மேலே நாங்கள் என்று எழுதினது பழக்கத்தில் வந்துவிட்டது. கண் வெட்ட வைகாசியில் பாஸ் எடுத்து வவுனியாவுக்குப் போனார், கண் கட்டு அவிழ்க்க முன்னம் பாஸ் முடிந்துவிட்டது, திரும்ப விடாமல் ஆமிக்காரர் அங்கே ஒரு முகாமில் வைத்திருந்தார்கள். ஆடியில் அங்கிருந்தும் ஏற்றிக்கொண்டு போனார்களாம். எனக்குப் பாஸ் தருகிறார்கள் இல்லை, வவுனியாவுக்குப் போய்வருகிற நல்லதம்பி அண்ணன்தான் போகும்போதெல்லாம் விசாரிக்கிறார், ஒரு இடத்தில் கேட்டால் இங்கே இல்லை அங்கே கேள் என்கிறார்கள், அங்கே கேட்டால் முதல் இடத்தையே காட்டுகிறார்கள். உன்னுடைய காசோலைக்கு ஐந்து ஊரில் நீதிமன்றம் இருக்கிறது மகன். உன் அப்பாவைக் கேட்க எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று எனக்குச் சொல்ல ஒருவரும் இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், அந்த ஒரு மாதத் தவணை போய்விட்டிருந்தால் அந்தக் காசு போகட்டும், நீ முகாமை விட்டு அசையாதே. சுதர்சினியைக் குடம் தூக்க விடாதே. வற்றாப்பளை அம்மனுக்கு உங்கள் மூன்று பேருக்கும் அப்பாவுக்கும் நேர்ந்திருக்கிறேன், அவள் காப்பாள். திருச்சியில் வழக்குப் போட்டதும் இரண்டு வரி எழுது, கடித உறையில் எப்போதும் போல அப்பாவின் பெயரையே போடு.

உன் வரவை அல்ல, நீ இருக்கிற இடத்தில் இருப்பதையே வேண்டும்,
அம்மா
சு. ஞானேஸ்வரி